பிள்ளையைக் கூட்டிவர ஈசான மூலைக்கு

என் பிள்ளை மொட்டை அடித்துக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். பழனிக்கு வேண்டிக்கொண்டது ஒன்று வருஷக்கணக்கில் பாக்கி நின்றது. "எப்படா வர்றே? அப்பாவை டிக்கெட் போடச் சொல்லவா?" என்றேன். "பழனியிலே இல்லம்மா. இங்கேயே. புருவத்தையும் சேர்த்து எடுக்கணும்" என்றான். போனை இவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்து, கீழ்வீட்டு மராட்டிக்காரி மேலே ஓடிவந்து "காய் ஜாலா?" என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது.

என்ன ஆச்சு என்று கேட்டவளுக்கு எதை என்று சொல்வேன்? என் பிள்ளை, நாங்கள் இருக்கிற புணேக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் என்ஜினியர். அந்தக் கம்பெனிக்குத் தாய்லாந்திலும் ஒரு பிளான்ட் உண்டு. கொஞ்ச நாள் போய்வா என்று அனுப்பினார்கள். போனவன் வேலையையும் நீட்டிக்கொண்டான், கூட வேலை செய்கிற ஒரு பெண்ணையும் பிடித்துக்கொண்டான். அழுதேன், கத்தினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். அப்புறம் யோசித்தேன். எங்கள் பில்டிங்கிலேயே மராட்டி மருமகள் இருக்கிறாள், சிந்தி மாப்பிள்ளை இருக்கிறான். தாய்லாந்துக்காரி வந்தால் மட்டும் வானம் இடிந்து விழுந்துவிடுமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சரி சொன்ன பிறகுதான் இந்த மொட்டை வந்தது. அந்த ஊர் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்னால் ஆண்பிள்ளை கொஞ்ச நாள் பிக்குவாகக் கோயிலில் இருந்துவிட்டு வரவேண்டும். இருந்து வந்தவன் வெந்தவன், இராதவன் பச்சை. பச்சையாக இருக்கிறவனுக்குப் பெண் கொடுக்கப் பெண்ணின் அம்மாவுக்கு மனசில்லை. என் பிள்ளையும் "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றானாம். அந்த "ஆசை" என்ற வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, செத்துவிட்டான் என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை. காலேஜ் முடித்த கையோடு, கொஞ்ச நாளில் வந்துவிடுகிறேன் என்று காவி கட்டிக்கொண்டு வடக்கே போனான். என் அம்மா கடைசிவரை வாசல் கதவுக்கு உள்தாழ் போடவிடவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். கொஞ்ச நாள் என்று சொல்லிவிட்டுக் காவி கட்டுகிறவர்களை நான் நம்ப மாட்டேன், அது என் வயிற்றில் பிறந்ததாக இருந்தாலும். ஆகவே "நாங்களும் வர்றோம்" என்றேன். கையோடு கூட்டிவருவது என்றுதான் கிளம்பினேன்.

ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. பால்கி என்கிற பல்லக்கு யாத்திரை அப்போதுதான் புணேயைக் கடந்து போயிருந்தது. வீதியெல்லாம் இன்னும் சேறு. பாங்காக்கில் இறங்கினால் அங்கேயும் அதே மழை. பிள்ளை முன்கூட்டியே பெண் வீட்டு ஊர்க் கோயிலில் மந்திரம் படிக்க உட்கார்ந்துவிட்டானாம். எங்களை அழைத்துப்போக அந்தப் பெண் வந்திருந்தாள். சின்ன உருவம். முதுகில் ஒரு பெரிய பை. கையைக் கூப்பி, "வணக்கம் அம்மா, கா" என்றாள். மரியாதைக்கு எந்த வாக்கியத்தின் கடைசியிலும் அங்கே பெண்கள் ஒரு "கா" போடுவார்கள். என் பிள்ளை கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தான். மீதிக்கு அவளுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடந்தன.

விமானத்தில் போயிருந்தால் ஒரு மணி நேரமாம். ஆனால் வழியில் உள்ள கோயில்களில் எல்லாம் கும்பிட்டுக்கொண்டு தரைவழியாகவே வரவேண்டும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். பிள்ளைக்காகப் பெற்றவர்கள் சேர்க்கிற புண்ணியமாம். எனக்கு எரிச்சல். இவருக்கோ குதூகலம். கோர்படி ரயில்வே டீசல் ஷெட்டில் வேலைபார்த்து ரிட்டையர் ஆனவர்; ஸ்டேஷனுக்குள் போனதும் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்து, "ஏய், மீட்டர் கேஜ்டி! இங்கே இன்னும் ஓடுது பாரு!" என்று கூவினார். பிள்ளை சாமியாராகப் போகிறான், இவர் தண்டவாளத்தை அளந்துகொண்டிருக்கிறார். "நல்லா அளங்க, அப்படியே அதுலேயே படுத்துக்குங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை என்றாலும் சிரித்தாள்.

ரயில் மெதுவாகப் போயிற்று. ஜன்னல் எல்லாம் திறந்தே கிடந்தது. மூங்கில் குச்சியில் கோத்துச் சுட்ட கோழி, வாழையிலையில் கட்டிய சோறு என்று பெண்கள் கூடையோடு ஏறி இறங்கினார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் பளபளவென்று அடுக்கடுக்கான கூரையோடு ஒரு கோயில். நாங்கள் போகிற பகுதிக்கு ஈசான் என்று பெயர் என்றாள் அந்தப் பெண். வடகிழக்கு. நம் வாஸ்துக்காரர்கள் சாமி அறை வைக்கச் சொல்கிற அதே ஈசான மூலை. "பாத்தியா, மூலை சரியாத்தான் இருக்கு" என்றார் இவர். எனக்கும் அது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

முதலில் இறங்கிய ஊரின் கோயிலில்தான் நான் எங்கள் மானத்தை வாங்கினேன். படியிறங்கி ஒரு வயதான பிக்கு வந்தார். காவியும் சாந்தமான முகமும். புணேயில் பால்கியோடு நடந்து வருகிறவர் காலை யார் தொடாமல் விடுகிறார்கள்? அதே பழக்கத்தில் குனிந்து அவர் காலைத் தொடப் போனேன். அவர் சுடுதண்ணீர் பட்டதுபோல் பின்னால் துள்ளினார். கோயிலில் இருந்த பெண்கள் எல்லாம் "ஓய்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அந்தப் பெண் ஓடிவந்து என்னைத் தள்ளி உட்காரவைத்து, அவரிடம் எனக்காக மூன்று தரம் தரையில் விழுந்து கும்பிட்டாள். பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாதாம். எதையும் கையில் கொடுக்கவும் கூடாது. அவர் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைக்கவேண்டும்.

"அம்மாவுமா?" என்று கேட்டேன்.

"அம்மாவும்தான், கா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்த ஊரை விட்டுக் கிளம்புகிறவரை என் பையைத் தானே சுமந்துகொண்டு வந்தாள்.

அடுத்த கோயிலில் ஒரு சின்னக் கல் யானை இருந்தது. மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, பெண்கள் மோதிர விரலை மட்டும் கொடுத்துத் தூக்கவேண்டும். தூக்க வந்தால் நினைத்தது நடக்கும். பிள்ளை திரும்பி வரணும் என்று நினைத்துக்கொண்டு விரலைக் கொடுத்தேன். யானை பஞ்சுமாதிரி வந்தது. எனக்கு ஒரு நிமிஷம் கண்ணெல்லாம் கலங்கிப்போயிற்று. இவர் சும்மா இருக்கக் கூடாதா? "நீ கேஸ் சிலிண்டரையே மூணு மாடி தூக்கினவ. உன்னை வெச்செல்லாம் யானை கணக்குச் சொல்லாது" என்றார். வந்த ஆறுதலும் போயிற்று. அந்தப் பெண்ணும் போய்த் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு வரவில்லை. என்ன நினைத்துக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் பஸ். பஸ்ஸுக்கு அப்புறம், பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட ஒரு வண்டி, நம்ம சிக்ஸ் சீட்டர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி. மழையில் தார்ப்பாயை இறக்கிவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அந்தப் பெண் அதைச் சொன்னாள். பிக்கு ஆகிறவனைப் பெரிய பிக்கு நிறைய கேள்வி கேட்பாராம். அதில் ஒன்று, அம்மா அப்பா சம்மதித்தார்களா என்பது. காவித் துணியை எடுத்துக் கொடுப்பதும் அம்மாதான். "அம்மா வேண்டாம்னா, முடிஞ்சது. அவர் பிக்கு ஆக முடியாது, கா."

நான் அவளையே பார்த்தேன். இந்தக் காரியம் நடக்காவிட்டால் அவளுக்குக் கல்யாணம் இல்லை. அப்படியும் இதை என்னிடம் ஏன் சொல்கிறாள்? "எதுக்கு எனக்குச் சொல்றே?" என்று கேட்டே விட்டேன்.

"ரயிலில் அம்மா தூங்கவே இல்லை. அதனால்" என்றாள்.

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனது எனக்கே பிடிக்கவில்லை.

அவர்கள் வீடு கால் முளைத்த வீடு. கீழே தூண்கள், மாடுகள், ஊஞ்சல், மேலே மரப்பலகை. அவள் அம்மா என்னைவிடக் கறுப்பு, என்னைவிடச் சத்தம். பாஷையே இல்லாமல் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவள் போட்ட மீன் ஊறலின் நாற்றத்துக்கு நான் மூக்கைப் பிடித்தேன். நான் தாளித்த பெருங்காயத்துக்கு அவள் வாசலுக்கே ஓடினாள். அத்தோடு சிநேகமாகிவிட்டோம்.

மறுநாள் முடியெடுத்தார்கள். பெற்றவர்கள்தான் முதலில் கத்தரிக்கவேண்டும். ஒரு தாமரை இலையில் முடியை ஏந்தினார்கள். கூடவே புருவமும் போனது. புருவம் போன முகத்தில் கோபமும் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தபோது இருந்த முகம் அப்படியே வந்துவிட்டது. வெள்ளை உடுத்தி, எங்கள் இரண்டு பேர் முன்னால் மண்டியிட்டு, செய்த தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது வழக்கம். என் பிள்ளை அதைத் தமிழில் கேட்டான். "அம்மா, நான் உன்னைப் பார்த்துக் கத்தினதெல்லாம் மன்னிச்சுடு. அப்பா, உங்க ஸ்கூட்டரை இடிச்சது நான்தான்" என்றான். இவர், "அது அப்பவே தெரியும்டா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊரே ஆடிப்பாடி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றியது. வாசலில் காவித் துணியை என் இரண்டு கையிலும் வைத்தார்கள். சுற்றிலும் அத்தனை பேரும் என் கையையே பார்த்தார்கள். கொடுக்காமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் போதும், எல்லாம் நின்றுவிடும். நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், என்னை வற்புறுத்தக்கூடாது என்பதுபோல. கொடுத்துவிட்டேன். மனசு நிறைந்து கொடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவள் அப்படித் தலையைக் குனிந்துகொண்டபோது மறுக்க வாய் வரவில்லை.

மறுநாள் விடியும்போது பிக்குகள் வரிசையாகத் தெருவில் வந்தார்கள், வெறுங்காலோடு. கடைசியில் என் பிள்ளை. நான் ஆவி பறக்கும் சோற்றைக் கிள்ளி அவன் பாத்திரத்தில் போட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. போதும் என்று சொல்லவில்லை, இன்னும் வேணும் என்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வயசுவரை என்னிடம் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன், நான் போட்டதைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பிடுங்கித் தின்கிற மாதிரியும் இருந்தது.

சாயந்தரம் மனசு கேட்காமல் புளிசாதம் கிளறி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். புணேயிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல். மத்தியானத்துக்கு மேல் பிக்குகள் சோறு தொடமாட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரிய பிக்கு தூக்குவாளியைப் பார்த்துச் சிரித்தார். என் பிள்ளை தரையைப் பார்த்தான். பசிக்கிற பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு டப்பாவை மூடுகிற கொடுமை எந்த அம்மாவுக்கும் வரக்கூடாது. கோயில் நாய்கள் புளிசாதத்தை ருசித்துச் சாப்பிட்டன. அடுத்த நாளிலிருந்து காலையிலேயே சமைத்துவிட்டேன்.

அப்படியே நாட்கள் போயின. பௌர்ணமி நெருங்கியது. பௌர்ணமிக்கு மறுநாள் மழைக்கால விரதம் தொடங்கும். தொடங்கிவிட்டால் மழை முடிகிறவரைக்கும் பிக்குகள் கோயிலை விட்டு வெளியூர் தங்கமாட்டார்கள். அதற்குள் என் பிள்ளை காவியைக் களைந்து வரவேண்டும் என்பது பேச்சு. பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் பெண்ணின் அம்மா ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி, முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்தப் பெண்தான் மொழிபெயர்த்தாள், குரல் எழும்பாமல். "அவர் மழைக்காலம் முழுக்க இருக்கிறேன் என்று பெரிய பிக்குவிடம் கேட்டிருக்கிறாராம். ரொம்பப் புண்ணியம், கா."

மழைக்காலம் முழுக்க. அப்புறம் குளிர்காலம். அப்புறம் வடக்கே எங்கேயோ. எனக்குத் தெரியாதா இந்தக் கதை? "பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?" என்று இவரைப் பிடித்துக்கொண்டேன், என்னவோ இவர்தான் காவி கட்டிவிட்டதுபோல. இவர் மாடிக்கும் கீழுக்கும் இரண்டு தரம் ஏறி இறங்கினார்.

அந்தப் பெண் கீழே உட்கார்ந்து சாலட்டுக்கு மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உரலில் இருந்த மிளகாய் எப்போதோ கூழாகிவிட்டது. அவள் இன்னும் இடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது. "காரம்" என்று தமிழில் சொன்னாள்.

"போய் அவன்கிட்ட வான்னு சொல்லேன்" என்றேன்.

தலையை ஆட்டினாள். புண்ணியத்துக்குப் போகிறவனை இழுத்தால் அது பெரிய பாவமாம். அவள் சொல்லக்கூடாது, அவள் அம்மா சொல்லக்கூடாது, அந்த ஊரில் யாருமே சொல்லக்கூடாது. அத்தனை பேரும் சந்தோஷப்படவேண்டும். அவளும் சந்தோஷப்படவேண்டும். அதைத்தான் அவள் உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் என் பிள்ளை, என் பயம் என்று நான் மட்டும்தான் தூக்கமில்லாமல் கிடந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்னைவிடப் பெரிய பயத்தை வைத்துக்கொண்டு இவள் என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். "அந்தப் பாவத்தை நான் பார்த்துக்கறேன். என் கணக்கெல்லாம் வேற ஊர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே சாப்பாட்டோடு கோயிலுக்குப் போனோம். பெண்கள் தனியாகப் பிக்குவோடு பேசக்கூடாது என்பதால் இவரும் கூட வந்தார். என் பிள்ளை துணியை விரித்தான். தட்டை அதன்மேல் வைத்துவிட்டு, மண்டியிட்டுக் கையைக் கூப்பினேன். "சாமி, சாப்பிடுங்க" என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குமேல் மரியாதை நிற்கவில்லை.

"ஏன்டா, இருக்கப்போறேன்னு சொன்னியாமே?"

"இங்கே மனசு அமைதியா இருக்கும்மா" என்றான். "ஷிப்டு, டார்கெட்டு, டிராபிக்குன்னு ஓடி ஓடி, எனக்கு இப்படி ஒருநாள்கூட இருந்ததில்லே."

அது பொய் இல்லை. அவன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உங்க மாமாவுக்கும் அமைதியாத்தான் இருந்திருக்கும். எங்கம்மாவுக்குத்தான் இல்லே" என்றேன். "இதோ பாரு. உனக்கு இருக்கணும்னா இரு. நான் காலைப் பிடிச்சு இழுக்கலே, பிடிக்கவும் கூடாதாம். என்னை விடு. நான் பெத்தவ, எப்படியாச்சும் பொறுத்துக்குவேன். அவ எதுக்குடா பொறுத்துக்கணும்? அவ என்ன உன்னைப் பெத்தாளா? இருக்கறதா இருந்தா அவளைக் கூப்பிட்டு, மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டு இரு. ஊர்க்காரங்க வந்து சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. வரமாட்டேன்னு எங்ககிட்ட உங்க மாமா சொல்லியிருந்தான்னா நாங்க கதவையாவது சாத்தியிருப்போம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் ஒத்திகை பார்த்துவைத்தது இது இல்லை. அவருக்கு அது தெரியும்.

பிள்ளை விரித்த துணியின் ஓரத்தை நீவிவிட்டான். அப்புறம், "அவ என்ன பண்றா?" என்று கேட்டான்.

"மிளகாய் இடிக்கிறா. காலையிலேருந்து அதே மிளகாயை."

மணி அடித்தது. பெரிய பிக்கு சாப்பிடச் சொல்லிச் சைகை காட்டினார். என் பிள்ளை தட்டில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பௌர்ணமி அன்று காலையில் கோயிலிலிருந்து ஆள் வந்து, ஒரு சட்டையும் பேண்ட்டும் கேட்டான். நான் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியதைப் பார்த்து இவர் சிரித்தார். கோயில் கூடத்துக்குள்ளே ஏதோ ஓதுவது கேட்டது. வெளியே ஊர்ப் பெண்களோடு மழைத்தூறலில் நின்றோம். கதவு திறந்தது. சட்டை உடம்பில் தொளதொளவென்று தொங்க, புருவமில்லாத முகத்தோடு படியிறங்கி வந்தான்.

நேராக என்னிடம்தான் வந்தான். குனிந்து காலைத் தொட்டான். இனிமேல் தொடலாம். தலையைத் தடவிக்கொடுத்தேன், முடி முள்முள்ளாகக் குத்தியது. ரெண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினேன். என் பிள்ளை வந்துவிட்டான். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அந்தப் பெண் அம்மாவோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை. அத்தனை பேர் முன்னால் வருவது அங்கே வழக்கமில்லையாம். எனக்கென்ன வழக்கம்? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தேன். மிளகாய் இடித்து இடித்து விரலெல்லாம் சிவந்து கிடந்தது. அந்தக் கையை என் பிள்ளையின் கையில் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்தினேன். ஊர்ப் பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் என் காதருகே வந்து, "ஏய், கையைப் பிடிச்சுக் குடுக்கறது பொண்ணைப் பெத்தவங்க வேலைடி" என்றார். "நீ பையனைப் பெத்தவ."

"தெரியும்" என்றேன்.